ராஸ்பெரி பை 4: 6.6 கர்னலில் ஜிபிஐஓ கேட்டால் -517, ரிலே தானாக அடிக்கிறது, பல்ஸ் இரட்டிப்பாகிறது

பட்டர்வொர்த்_கவின்:

வணக்கம். ஒரு கடைவீட்டின் மொட்டை மாடித் தொட்டிக்கு பம்ப் கன்ட்ரோல். போர்டு ராஸ்பெரி பை 4 (லினக்ஸ் ஓடும் சின்னக் கணினி). இணைப்பு இப்படி (ஜிபிஐஓ என்பது நிரலால் ஆளக்கூடிய கால்):

ஜிபிஐஓ 17 (11-ஆம் கால்): 5 வோல்ட் ஒற்றை ரிலே போர்டு. ஐஎன் காலைக் கிரவுண்டுக்கு இழுத்தால் பிடிக்கும் வகை.
ஜிபிஐஓ 27 (13-ஆம் கால்): வைஎஃப்-எஸ்201 ஃப்ளோ சென்சார், 5 வோல்ட் சப்ளை, சிக்னல் கம்பி நேராகப் பையில்.
ஜிபிஐஓ 22 (15-ஆம் கால்): மிதவை ஸ்விட்ச். மாடியிலிருந்து 12 மீட்டர் கேபிள், மறுமுனை கிரவுண்டில்.

மாட்யூல் (கர்னலுக்குள் ஏற்றும் நிரல்) பழைய பாடக்குறிப்புகளில் இருக்கும் முறையில் எழுதியது. இனிட் ஃபங்ஷனிலேயே ஜிபிஐஓ_ரிக்வெஸ்ட்(17), பிறகு ஜிபிஐஓ_டைரக்ஷன்_அவுட்புட்(17, 0), அடுத்த வரியில் மதிப்பை 1 ஆக்குகிறேன். 27-க்கு ஏறும் விளிம்பு, இறங்கும் விளிம்பு இரண்டுக்கும் இன்டரப்ட். 22-க்கான இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள் எம்ஸ்லீப்(20) போட்டு டீபவுன்ஸ் (ஸ்விட்சின் அதிர்வை வடிகட்டுதல்).

5.10 கர்னலில் ஓடியது. கார்டை அழித்துப் புக்வர்ம் (ராஸ்பெரி பை ஓஎஸ் பதிப்பு) போட்டேன், கர்னல் 6.6. இப்போது:

அ. இன்ஸ்மாட் செய்தால் (மாட்யூலை ஏற்றினால்) "அன்னோன் எரர் 517".
ஆ. 17-க்குப் பதில் 529 என்று போட்டால் ஏற்றிக்கொள்கிறது. ஆனால் ஏற்றும் கணத்தில் ரிலே ஒருமுறை 'டக்' என்று அடிக்கிறது.
இ. ஃப்ளோ எண்ணிக்கை இருக்க வேண்டியதைப் போல இரு மடங்கு. பம்ப் ஆன், ஆஃப் ஆகும்போது கூடுதலாகச் சில பல்ஸ்.
ஈ. மிதவை அசைந்தால் கர்னல் லாக்கில் "ஸ்கெட்யூலிங் வைல் அடாமிக்". சில நேரம் போர்டே உறைந்துவிடுகிறது.

529-ஐயே வைத்துக்கொண்டு போகலாமா, அல்லது எங்கே திருத்த வேண்டும்?

(இந்தப் பலகையில் ஆங்கில எழுத்து ஏறாது என்பதால் ஃபங்ஷன் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறேன்.)


பாயான்லெப்பாஸ்_டிரைவர்:

529 வேண்டாம் தம்பி. இன்று ஓடும், அடுத்த கர்னலில் மறுபடி இதே இழைக்கு வருவீர்கள்.

முதலில் 517 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அது இப்ரோப்_டிஃபர், அதாவது "நீ கேட்ட சாதனம் இன்னும் வரவில்லை, பிறகு வா". பழைய ஜிபிஐஓ_ரிக்வெஸ்ட் ஓர் எண்ணை வாங்கி, அந்த எண்ணுக்குச் சொந்தக்காரச் சிப் இருக்கிறதா என்று தேடும். இல்லை என்றால், ஒருவேளை பின்னால் வரலாம் என்று நினைத்து 517-ஐத் திருப்பும். இது புரோப் ஃபங்ஷனுக்குள் (சாதனம் கிடைத்ததும் கர்னல் அழைப்பது) நடந்திருந்தால் கர்னலே பிறகு மறுமுயற்சி செய்திருக்கும். நீங்கள் மாட்யூல் இனிட்டுக்குள் கேட்டதால் அதுவே கடைசிப் பதிலாகி இன்ஸ்மாட்டுக்குப் போய்விட்டது.

17 ஏன் யாருக்கும் சொந்தமில்லை? கர்னல் தானாக ஒதுக்கும் ஜிபிஐஓ எண்கள் இப்போது 512-இலிருந்து தொடங்குகின்றன. 0 முதல் 511 வரை நிலையான எண்ணை இன்னும் விடாத பழைய டிரைவர்களுக்கு விடப்பட்ட இடம். /சிஸ்/கர்னல்/டீபக்/ஜிபிஐஓ கோப்பை ரூட்டாகத் திறந்து பாருங்கள். பை 4-இல் பின்கன்ட்ரோல்-பிசிஎம்2711 என்ற சிப் 512 முதல் 569 வரை, மொத்தம் 58 கால்கள். அதற்கு அடுத்து ஃபர்ம்வேரின் எக்ஸ்பாண்டர் 570 முதல் 577 வரை. 512 + 17 = 529, அவ்வளவுதான் உங்கள் மாயம். சிப்கள் எழும் வரிசை மாறினாலே இந்தக் கணக்கு மாறும்.

எண்ணை மாட்யூலுக்குள் எழுதுவதுதான் நோயே. எந்தக் கால், எந்தப் பக்கம் ஆக்டிவ் என்பதெல்லாம் டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்ன எங்கே இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் பட்டியல்) இருக்க வேண்டும். மாட்யூல் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். அந்தப் பட்டியலோடு சேர்க்கும் ஓவர்லே கோப்பில் ரூட்டுக்குக் கீழே இப்படி ஒரு நோட்:

கம்பேட்டிபிள் = "தொட்டி,பம்ப்";
ரிலே-ஜிபிஐஓஸ் = <&ஜிபிஐஓ 17 1>;
ஃப்ளோ-ஜிபிஐஓஸ் = <&ஜிபிஐஓ 27 0>;
மிதவை-ஜிபிஐஓஸ் = <&ஜிபிஐஓ 22 1>;
பின்கன்ட்ரோல்-நேம்ஸ் = "டீஃபால்ட்";
பின்கன்ட்ரோல்-0 = <&பம்ப்_கால்கள்>;

கடைசி எண் 1 என்றால் ஆக்டிவ் லோ, 0 என்றால் ஆக்டிவ் ஹை. அதற்கான மேக்ரோ பெயரை எழுதி நேராக டிடிசி-யிடம் (டிவைஸ் ட்ரீ கம்பைலர்) கொடுத்தால் சின்டாக்ஸ் எரர் வரும், ஏனென்றால் டிடிசி-க்கு மேக்ரோ தெரியாது. எண்ணாகவே எழுதுங்கள்.

அதே ஓவர்லேயில் ஜிபிஐஓ நோட்டுக்குக் கீழே பம்ப்_கால்கள்:

பிஆர்சிஎம்,பின்ஸ் = <17 22 27>;
பிஆர்சிஎம்,ஃபங்ஷன் = <0 0 0>;
பிஆர்சிஎம்,புல் = <0 0 0>;

ஃபங்ஷன் வரியில் 17-க்கு 1, அதாவது அவுட்புட், என்று போடத் தோன்றும். போடாதீர்கள். போட்டால் டிரைவர் மதிப்பைச் சொல்லும் முன்பே கால் அவுட்புட்டாகிவிடும். ரீசெட்டுக்குப் பிறகு அவுட்புட் ரிஜிஸ்டரில் 0 இருக்கும், உங்கள் ரிலே போர்டுக்கு 0 என்றால் "பிடி". டக் சத்தம் இன்னொரு வழியாகத் திரும்பி வரும். மூன்றையும் இன்புட்டாகவே விடுங்கள். ஜிபிஐஓடி (புதிய வகை ஜிபிஐஓ ஃபங்ஷன்கள்) அவுட்புட்டாக மாற்றும்போது முதலில் மதிப்பை எழுதி, அப்புறம்தான் திசையைத் திருப்பும்.

கம்பைல்: டிடிசி-க்கு மைனஸ் @ கொடியையும் கொடுங்கள். வெளிவரும் டிடிபிஓ கோப்பு /பூட்/ஃபர்ம்வேர்/ஓவர்லேஸ் கோப்புறைக்கு, கான்ஃபிக் டெக்ஸ்டில் டிடிஓவர்லே= வரி. பழைய குறிப்புகளில் வெறும் /பூட் என்று இருக்கும், புக்வர்மில் இடம் மாறிவிட்டது.

மாட்யூலில் இனிட்டை எடுத்துவிட்டு பிளாட்ஃபார்ம் டிரைவராக்குங்கள். புரோப்பில் டெவ்எம்_ஜிபிஐஓடி_கெட்(டெவ், "ரிலே", ஜிபிஐஓடி_அவுட்_லோ). இந்த லோ கம்பியில் இருக்கும் வோல்ட்டேஜைக் குறிக்காது. "செயலற்ற நிலை" என்று பொருள். ஓவர்லேயில் ஆக்டிவ் லோ என்று சொல்லியிருப்பதால் கம்பியில் 3.3 வோல்ட் நிற்கும், ரிலே அசையாது. உங்கள் (ஆ) கேள்விக்கு இதுதான் பதில். டைரக்ஷன்_அவுட்புட்(17, 0) என்று நீங்களே "பிடி" என்று சொல்லிவிட்டு அடுத்த வரியில் "விடு" என்றீர்கள். நடுவில் சில மைக்ரோ விநாடிதான் என்றால் ரிலே அசைந்திருக்காது. இன்டரப்ட் பதிவோ பிரிண்ட்கே வரியோ நடுவில் இருக்கிறதா பாருங்கள். எப்படி இருந்தாலும் வரிசையே தப்பு.

திரும்பி வருவது நல்ல பாயின்டரா என்று நல்லுடன் ஒப்பிடாதீர்கள். இஸ்_எர் கொண்டு பாருங்கள். பிழையை டெவ்_எர்_புரோப் வழியாகத் திருப்பினால் இப்ரோப்_டிஃபர் வரும்போது லாக்கை நிரப்பாது. மாட்யூல்_லைசென்ஸ்("ஜிபிஎல்") கட்டாயம், ஜிபிஐஓடி ஃபங்ஷன்கள் ஜிபிஎல் மாட்யூலுக்கு மட்டும்தான் திறக்கும்.

(இ) இரு மடங்குக்குக் காரணம் எளிது: ஒரு பல்ஸுக்கு ஏறும் விளிம்பு ஒன்று, இறங்கும் விளிம்பு ஒன்று. இறங்குவதை மட்டும் எடுங்கள். ஹேண்ட்லரில் அடாமிக்64_இன்க் ஒரு வரி போதும். வைஎஃப்-எஸ்201 நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு 7.5 ஹெர்ட்ஸ் என்ற கணக்கு, மேல் எல்லை 30 லிட்டர், ஆக 225 ஹெர்ட்ஸ். பை 4-க்கு இது தூங்கிக்கொண்டே செய்யும் வேலை.

ஒன்றைக் கவனியுங்கள். ஓவர்லேயில் ஆக்டிவ் லோ போட்டால் ஜிபிஐஓடி_கெட்_வேல்யூ தலைகீழாகும், ஆனால் இன்டரப்ட் விளிம்பு தலைகீழாகாது. ஐஆர்க்யூஎஃப்_ட்ரிக்கர்_ஃபாலிங் என்றால் எப்போதும் கம்பியில் உண்மையாக வோல்ட்டேஜ் இறங்குவதுதான். மிதவையில் இதைக் குழப்பிக்கொண்டால் ஸ்விட்ச் விடும்போது வேலை செய்யும், பிடிக்கும்போது செய்யாது.

(ஈ) இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள் தூங்கக் கூடாது. எம்ஸ்லீப், மியூடெக்ஸ், ஜிஎஃப்பி_கர்னலுடன் கேமல்லாக் எதுவும் அங்கே ஆகாது. பிசிஎம்2711-இன் ஜிபிஐஓ டிரைவருக்கு ஹார்ட்வேர் டீபவுன்ஸ் கிடையாது, ஜிபிஐஓடி_செட்_டீபவுன்ஸ் கேட்டால் -524 வரும். ஆகவே ஹேண்ட்லரில் மாட்_டிலேட் ஒர்க் கொண்டு 50 மில்லி விநாடி தள்ளிப் போடுங்கள். ஒவ்வொரு விளிம்பும் அந்தக் கெடுவைப் புதிதாக்கும். ஸ்விட்ச் 50 மில்லி விநாடி அசையாமல் நின்ற பிறகு ஒர்க் ஒருமுறை ஓடி மதிப்பைப் படிக்கும். தொட்டித் தண்ணீர் அலையடிக்கும், 50 போதாவிட்டால் 500 வையுங்கள், யாரும் குறை சொல்லப் போவதில்லை.


பூடு_சால்டர்:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனா இணைப்பைப் பார்த்தா எனக்குக் கோடுக்கு முன்னால போர்டைப் பத்தித்தான் கவலை.

ஃப்ளோ சென்சார். 5 வோல்ட் சப்ளை கொடுத்தா சிக்னல் கம்பியும் 5 வோல்ட் வரைக்கும் போகும். பை காலுக்கு 3.3 தான் எல்லை. இதுவரைக்கும் போகலன்னா காரணம், இந்த மாதிரி சென்சார்ல உள்ளேயே சுமார் 10 கிலோ ஓம் புல்-அப் இருந்து கரண்டைக் குறைச்சிருக்கு. அதை நம்பி விடாதீங்க.

வழக்கமா எல்லாரும் சொல்றது 10 கிலோ, 20 கிலோ டிவைடர், 3.3 வரும்னு. வராது. உள்ளே இருக்கிற 10 கிலோவும் தொடர்ல சேரும்: 5 x 20 / (10 + 10 + 20) = 2.5 வோல்ட். பை 4-க்கு 'ஹை'ன்னு எடுத்துக்க 2.0 வோல்ட் வேணும், அதனால 2.5 சரிதான். இப்ப பொறி எங்கேன்னா, ஜிபிஐஓ 9-லேர்ந்து 27 வரைக்கும் பூட் ஆகும்போது உள் புல்-டவுன் போட்டிருக்கும், சுமார் 50 கிலோ. அது 20 கிலோவுக்குப் பக்கத்துல பேரலல்ல சேர்ந்தா 14.3 கிலோ ஆகும், வோல்ட்டேஜ் 2.08-க்கு இறங்கிடும். மேசையில ஓடும், மாடியில ஓடாது. அதனாலதான் டிரைவர் அண்ணன் கொடுத்த ஓவர்லேயில 27-க்கு புல் 0 வரி முக்கியம், அதை விட்டுடாதீங்க. வாங்கின சென்சார்ல உள் புல்-அப் எவ்வளவுன்னு மீட்டர் வெச்சுப் பாத்துட்டுக் கணக்குப் போடுங்க. எல்லாமே ஒரே மாதிரி வர்றதில்ல.

டிவைடர் நடுவுல 10 நானோ ஃபாரட் கபாசிடர் ஒண்ணு கிரவுண்டுக்கு. 100 நானோ போட்டுடாதீங்க: அந்த இடத்துல ரெசிஸ்டன்ஸ் 10 கிலோ மாதிரி தெரியும், 100 நானோன்னா டைம் கான்ஸ்டன்ட் 1 மில்லி விநாடி. 225 ஹெர்ட்ஸ்ல அரை சுழற்சி 2.2 மில்லி விநாடிதான், 2.0 வோல்ட்டைத் தொடவே 1.6 போயிடும். 10 நானோன்னா அதுல பத்துல ஒரு பங்கு.

மிதவை. மாடியிலேர்ந்து 12 மீட்டர் கம்பியை நேரா சிலிகான் காலுக்குக் கொண்டு வர்றது நம்ம ஊர் சாயங்கால இடிக்கு விருந்து வைக்கிற மாதிரி. பிசி817 ஆப்டோகப்ளர் (ரெண்டு பக்கத்தையும் ஒளியால மட்டும் இணைக்கிற சிப்) போடுங்க. 12 வோல்ட் தனி சப்ளை, மிதவை ஸ்விட்ச், 4.7 கிலோ, ஆப்டோவோட எல்இடி, இப்படி ஒரே லூப். (12 - 1.2) / 4.7 = 2.3 மில்லி ஆம்ப். 24 வோல்ட் சப்ளை இருந்தா 10 கிலோ, அதே கரண்ட் வரும். மறுபக்கம் கலெக்டரை ஜிபிஐஓ 22-க்கு, அங்கேர்ந்து 10 கிலோ 3.3-க்கு, எமிட்டர் கிரவுண்டுக்கு. தேவை 0.33 மில்லி ஆம்ப்தான். கரண்ட் ட்ரான்ஸ்ஃபர் 50 சதவீதமுள்ள மட்டமான துண்டா இருந்தாலும் மூணு மடங்கு மிச்சம் இருக்கு. அந்த 12 வோல்ட்டோட கிரவுண்டைப் பையோட கிரவுண்டுல சேத்துட்டா ஆப்டோ போட்டதே வீண்.

ரிலே. அந்த நீல போர்டுக்கு 5 வோல்ட் கொடுத்து, பை 3.3 கொடுத்தா "ஆஃப்"னு நீங்க நினைக்கிற நேரத்துலயும் 1.7 வோல்ட் வித்தியாசம் நிக்கும். சில போர்டுல எல்இடி மங்கலா எரியும், சிலதுல ரிலே விடவே விடாது. டிரான்சிஸ்டர் போட்டுக்குங்க: 2என்2222, பேஸுக்கு 1 கிலோ, பேஸ்-எமிட்டர் நடுவுல 10 கிலோ, காயிலுக்கு எதிரா 1என்4007. 5 வோல்ட் காயில் 70 ஓம்னா 71 மில்லி ஆம்ப். பேஸ் கரண்ட் 2.6. இதுல பை கால் மிதந்தாலும், இன்புட்டா இருந்தாலும், பூட் ஆகிட்டிருந்தாலும் ரிலே ஆஃப்தான். எல்லாமே ஜாலான் பாசார்ல ஒரே கடையில கிடைக்கிற சாமான்.

இப்படி மாத்தினா ஆக்டிவ் ஹை ஆயிடும். மாட்யூலைத் தொட வேண்டாம். ஓவர்லேயில 17-க்குப் பக்கத்துல இருக்கிற 1-ஐ 0 ஆக்குங்க, பிஆர்சிஎம்,புல் வரியில முதல் எண்ணை 1 ஆக்குங்க, அது புல்-டவுன்.

பம்ப் ஆன் ஆஃப் ஆகும்போது வர்ற உபரி பல்ஸ் காயில் தீப்பொறி. அந்தச் சின்ன ரிலேல 10 ஆம்ப்னு அச்சடிச்சிருக்கும், ஆனா மோட்டார் கிளம்பும்போது இழுக்கிற கரண்டுக்கு அது இல்ல, காண்டாக்ட் ஒட்டிக்கும். ரிலே காண்டாக்டரை (மோட்டார் கரண்டைத் தாங்கற பெரிய ரிலே) இழுக்கட்டும், காண்டாக்டர் பம்பை இழுக்கட்டும். காண்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே 100 ஓம், 0.1 மைக்ரோ எக்ஸ்2 வகை ஸ்னப்பர், தீப்பொறியை அடக்க. 230 வோல்ட் பக்கத்தை சுருஹான்ஜாயா தெனாகாவுல (மலேசிய எரிசக்தி ஆணையம்) பதிவுள்ள வயர்மேன் செய்யட்டும், ஆர்சிசிபி-க்குப் பின்னால.


கெப்போங்_ஷெல்:

இரண்டு பேரும் நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் இதற்குக் கர்னல் மாட்யூல் வேண்டுமா என்று யாருமே கேட்கவில்லையே? 225 ஹெர்ட்ஸ், ஒரு மிதவை, ஒரு ரிலே.

மிதவைக்கு ஜிபிஐஓ-கீஸ் டிரைவர் இருக்கிறது. டிவைஸ் ட்ரீயில் டீபவுன்ஸ்-இன்டர்வல் = <50> என்று எழுதினால் முடிந்தது, அந்த டிலேட் ஒர்க்கை யாரோ ஏற்கெனவே எழுதிச் சோதித்திருக்கிறார்கள். ஃப்ளோவுக்கு கவுன்ட்டர் துணைப்பிரிவில் இன்டரப்ட்-சிஎன்டி டிரைவர் உண்டு, கம்பேட்டிபிள் "இன்டரப்ட்-கவுன்ட்டர்". /சிஸ்/பஸ்/கவுன்ட்டர் கீழே எண்ணிக்கையைப் படிக்கலாம். உங்கள் கர்னலில் கட்டியிருக்கிறார்களா என்று மாட்இன்ஃபோ போட்டுப் பாருங்கள், இல்லையென்றால் லிப்ஜிபிஐஓடி (யூசர்ஸ்பேஸ் நூலகம்). அதில் ஒவ்வொரு விளிம்புக்கும் நேரமுத்திரையைக் கர்னல்தான் குத்துகிறது, உங்கள் நிரல் தாமதமாகப் படித்தாலும் நேரம் தப்பாது. /சிஸ்/கிளாஸ்/ஜிபிஐஓ பக்கம் மட்டும் போகாதீர்கள், 4.8-இல் கேரக்டர் டிவைஸ் வந்தபோதே அதைப் பழையது என்று ஒதுக்கிவிட்டார்கள்.

கர்னலுக்குள் ஒரு தப்பான பாயின்டர் என்றால் போர்டு மொத்தமும் போகும். யூசர்ஸ்பேஸில் என்றால் ஒரு நிரல் சாகும், சிஸ்டம்டி திரும்ப எழுப்பும்.


பாயான்லெப்பாஸ்_டிரைவர்:

ஷெல் அக்கா சொல்வதை மறுக்கவில்லை. வேலை மட்டும் முடிந்தால் போதும் என்றால் அதுதான் வழி. ஆனால் நிரல் செத்தால் ரிலே என்ன ஆகும்? லைனைப் பிடித்திருந்த புரோசஸ் போனதும் கால் விடுவிக்கப்படும், அதன் பிறகு கால் எந்த நிலையில் நிற்கும் என்பது சிப் டிரைவரைப் பொறுத்தது. மாட்யூலில் அணைக்கும் வரிசையை நாமே எழுதலாம்.


கெப்போங்_ஷெல்:

கர்னல் பேனிக் ஆனால் உங்கள் வரிசையும் ஓடாதே அண்ணே. வாட்ச்டாக்கைப் (போர்டு உறைந்தால் ரீசெட் செய்வது) போடுங்கள்: பை-யின் ஹார்ட்வேர் வாட்ச்டாக் சுமார் 15 விநாடிக்கு மேல் தாங்காது, சிஸ்டம்டி-யில் ரன்டைம்வாட்ச்டாக்செக் 10 வையுங்கள். அதற்கும் மேலே, தொட்டியின் விளிம்பில் இரண்டாவது மிதவை ஒன்று, காண்டாக்டர் காயிலுக்குத் தொடரில். தண்ணீர் அங்கே ஏறினால் லினக்ஸ் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று கேட்காமல் பம்ப் நிற்கும்.


பூடு_சால்டர்:

இதுக்கு நான் ரெண்டு கையும் தூக்கறேன். அந்த ரெண்டாவது மிதவை 230 வோல்ட்டுக்கும், தண்ணியில முங்கறதுக்கும் ரேட்டிங் உள்ளதா இருக்கணும். இல்லன்னா காண்டாக்டரை 24 வோல்ட் காயிலா வாங்கிடுங்க, மாடி வரைக்கும் 230 போக வேண்டிய தேவையே இருக்காது.


பட்டர்வொர்த்_கவின்:

மூன்று பேருக்கும் நன்றி. மாட்யூலாகவே செய்கிறேன், கற்றுக்கொள்ளவும்தான். இரண்டாவது மிதவை வைக்கிறேன் அக்கா, 24 வோல்ட் காயிலோடு.

இப்போது மூன்று சிக்கல். முதலில் இன்ஸ்மாட் பிழையில்லாமல் போனது, ஆனால் ஒன்றுமே நடக்கவில்லை, புரோப்பே ஓடவில்லை. கம்பேட்டிபிளில் ஒரு எழுத்து தப்பு, திருத்தினேன். அடுத்து டெவ்எம்_ஜிபிஐஓடி_கெட் -2 தருகிறது. பெயர் "ரிலே-ஜிபிஐஓஸ்" என்றுதான் கொடுத்தேன். 'ஆப்ஷனல்' வகைக்கு மாற்றினால் பிழை போகிறது, ஆனால் ரிலே அசையவில்லை. மூன்றாவது, ஆர்எம்மாட் செய்த (மாட்யூலை இறக்கிய) சில கணத்தில், எப்போதாவது, "அனேபிள் டு ஹேண்டில் கர்னல் பேஜிங் ரிக்வெஸ்ட்". ரிமூவ் ஃபங்ஷனில் கேன்சல்_டிலேட் ஒர்க்_சின்க் போட்டிருக்கிறேனே?


பாயான்லெப்பாஸ்_டிரைவர்:

-2: "-ஜிபிஐஓஸ்" என்ற வாலைக் கர்னலே ஒட்டிக்கொள்ளும். நீங்களும் ஒட்டினால் "ரிலே-ஜிபிஐஓஸ்-ஜிபிஐஓஸ்" என்று தேடி இல்லை என்கிறது. "ரிலே" மட்டும் கொடுங்கள். ஆப்ஷனல் வகை, கிடைக்காவிட்டால் நல் தரும், நல்லுக்கு மதிப்பு எழுதினால் சத்தமில்லாமல் விட்டுவிடும். பிழையை மறைத்தீர்கள், தீர்க்கவில்லை.

ஆர்எம்மாட்: இது வரிசைச் சிக்கல், நன்றாகக் கவனியுங்கள். டெவ்எம் வகையில் வாங்கியவை எல்லாம் ரிமூவ் ஃபங்ஷன் முடிந்த பிறகுதான், வாங்கியதற்குத் தலைகீழ் வரிசையில் விடுவிக்கப்படும். ஆகவே ரிமூவில் நீங்கள் ஒர்க்கை ரத்து செய்யும்போது இன்டரப்ட் இன்னும் உயிரோடு இருக்கிறது. ரத்துக்கும் இன்டரப்ட் விடுவிப்புக்கும் நடுவில் மிதவை ஒருமுறை அசைந்தால் ஹேண்ட்லர் ஒர்க்கை மறுபடி வரிசையில் போடும். 50 மில்லி விநாடி கழித்து ஒர்க் எழும்போது மாட்யூல் நினைவிடத்தில் இல்லை. "எப்போதாவது" என்பதற்குக் காரணமும் இதுவே.

ரிமூவையே எடுத்துவிடுங்கள். புரோப்பில் இந்த வரிசை:

1. ரிலே, ஃப்ளோ, மிதவை மூன்றுக்கும் டெவ்எம்_ஜிபிஐஓடி_கெட்.
2. டெவ்எம்_ஆட்_ஆக்ஷன்_ஆர்_ரீசெட் கொண்டு ரிலேயை அணைக்கும் ஃபங்ஷனைப் பதிவு செய்தல்.
3. டெவ்எம்_டிலேட்_ஒர்க்_ஆட்டோகேன்சல். இதற்கு டெவ்எம்-ஹெல்ப்பர்ஸ் ஹெடர் வேண்டும்.
4. கடைசியாக ஜிபிஐஓடி_டு_ஐஆர்க்யூ, டெவ்எம்_ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ.

கழற்றும்போது முதலில் இன்டரப்ட், பிறகு ஒர்க், பிறகு ரிலே ஆஃப், கடைசியில் கால்கள். புரோப் நடுவில் தோற்றாலும் இதே வரிசையில் தானாகக் கழன்றுகொள்ளும். ரிமூவ் இல்லாததால் இன்னொரு தலைவலியும் இல்லை: 6.11-இலிருந்து பிளாட்ஃபார்ம் டிரைவரின் ரிமூவ் எதையும் திருப்பக் கூடாது, 6.6-க்கு எழுதியது அங்கே கம்பைல் ஆகாது.

ஒர்க்குக்குள் ரிலேக்கு ஜிபிஐஓடி_செட்_வேல்யூ_கேன்ஸ்லீப் பயன்படுத்துங்கள். இன்று கால் நேராகச் சிப்பில் இருக்கிறது, இரண்டும் ஒன்றுதான். நாளை ரிலேயை எம்சிபி23017 போன்ற ஐ2சி எக்ஸ்பாண்டருக்கு மாற்றினால் ஒவ்வொரு எழுத்தும் பஸ்ஸில் தூங்கிக் காத்திருக்கும்; கேன்ஸ்லீப் இல்லாத வகை அங்கே லாக்கில் எச்சரிக்கை கொட்டும்.

சோதிக்க: /ப்ராக்/இன்டரப்ட்ஸில் உங்கள் பெயருக்கு எதிரே உள்ள எண்ணும் மாட்யூல் எண்ணும் ஒன்றாக ஏற வேண்டும். 10 லிட்டர் வாளியை நிரப்பினால் பெயரளவில் 4,500 பல்ஸ். உங்கள் சென்சாரில் எவ்வளவு வருகிறதோ அதையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். வாளி நிரம்பாமலே எண் ஏறினால் பூடு அண்ணனின் ஸ்னப்பரைப் போய்ப் பாருங்கள், கோடை அல்ல.


பட்டர்வொர்த்_கவின்:

வரிசை மாற்றினேன், மிதவையை ஆட்டிக்கொண்டே ஏற்றி இறக்கிப் பார்த்தேன், விழவில்லை. கடைசியாக ஒன்று: இதே கார்டைப் பை 5-இல் போட்டால்?


பாயான்லெப்பாஸ்_டிரைவர்:

பை 5-இல் 40 கால் ஹெடர் பிராசஸரில் இல்லை, பிசிஐஇ-க்கு அந்தப் பக்கம் ஆர்பி1 என்ற தனிச் சிப்பில் இருக்கிறது. ரிஜிஸ்டர் முகவரியை ஐஓரீமேப் செய்து எழுதிய மாட்யூல்கள் அங்கே செத்தன. உங்களுடையது பெயரைச் சொல்லிக் கேட்பதால் மாற்ற வேண்டியதில்லை, &ஜிபிஐஓ லேபிள் அங்கே ஆர்பி1-ஐக் காட்டும். ஆனால் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும்: பை 5 வழக்கமாக 16 கேபி பக்க அளவுள்ள 2712 கர்னலில் எழும், பை 4-இன் வி8 கர்னலுக்குக் கட்டிய கேஓ கோப்பைக் கொடுத்தால் "இன்வேலிட் மாட்யூல் ஃபார்மேட்". லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஆர்பிஐ-2712 பொதியைப் போட்டுக் கட்டுங்கள். ஏற்றியதும் பின்கன்ட்ரோல் கெட் 27 என்று அடித்து, புல் இல்லை என்பதற்கான 'பிஎன்' காட்டுகிறதா பாருங்கள். டிவைடரை அங்கே மீட்டர் வைத்து மறுபடி ஒருமுறை அளந்துவிடுங்கள்.